மேனிபுலேட் பண்ணிட்டேன்னு மெயில் போட்ட கதை

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது இது. இப்ப சிரிச்சுக்கிட்டே சொல்றேன், ஆனா அன்னைக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. லண்டன்ல இருந்த ஒரு க்ளையண்ட்டுக்கு மாசாமாசம் சேல்ஸ் ரிப்போர்ட் அனுப்புற வேலை என்னோடது, அவங்க அனுப்புற ஃபைல் எப்பவுமே கண்றாவியா இருக்கும், பாதி தேதி நாள் முதல்ல மாசம் அப்புறம், மீதி பாதி அமெரிக்கா ஸ்டைல்ல தலைகீழா, ஒரே பில் ரெண்டு தடவை, நடுவுல வெறும் வரி, இதையெல்லாம் எஸ்க்யூஎல்ங்கற டேட்டாபேஸ் மொழில உக்காந்து சரி பண்ணி ரிப்போர்ட் ஆக்கணும். அந்த மாசம் ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து முடிச்சுட்டு, ரொம்பப் பெருமையா, கொஞ்சம் நல்ல இங்கிலீஷ்ல எழுதணும்னு ஆசைப்பட்டு, "வீ ஹேவ் மேனிபுலேட்டட் த சேல்ஸ் டேட்டா, ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட்"னு மெயில் தட்டிட்டுக் கிளம்பிட்டேன்.

காலைல வந்து பாத்தா பதில் வந்திருக்கு. ஒரே வரி. எந்தெந்த எண்ணை மாத்தினீங்க, யார் மாத்தச் சொன்னாங்கன்னு. நகல் போற சிசி லிஸ்ட்ல புதுசா நாலு பேர், அதுல ஒருத்தர் ஆடிட் டீம். எங்க லீட் மேடம் என் சீட்டுக்கே வந்து நின்னு, "என்னப்பா எழுதி வெச்சிருக்க, நாம ஏதோ கணக்குல கை வெச்ச மாதிரி இருக்கு"ன்னாங்க.

அந்த வாக்கியத்தைக் கவனிங்க. கணக்குல கை வெச்ச மாதிரி. பின்னாடி இதுக்கு வரேன்.

கால் போட்டு விளக்கினோம். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஓ, யூ க்ளீன்ட் இட்"ன்னாரு. ஆமா சார் க்ளீன்ட், க்ளீன்ட்னு நாலு தடவை சொன்னேன். முடிஞ்சுது. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு அரிப்பு, நான் எழுதினது தப்பே இல்லையே, காலேஜ்ல அப்படித்தானே படிச்சோம்? டேட்டாபேஸ் பேப்பர்ல டிஎம்எல்னு வருமே, டேட்டா மேனிபுலேஷன் லாங்க்வேஜ், இன்செர்ட் அப்டேட் டிலீட், தமிழ்ல தரவு கையாளும் மொழின்னு சொல்வாங்க, அஞ்சு மார்க் கேள்வியா அடிக்கடி வரும். அதுல தில்லுமுல்லு வாசனையே கிடையாது. டேபிள்ல ஒரு வரியைச் சேக்கறது, மாத்தறது, எடுக்கறது, அவ்வளவுதான். புரோகிராமர் கிட்ட "ஸ்ட்ரிங் மேனிபுலேஷன்"னு சொன்னா எழுத்துகளை வெட்டி ஒட்டுறதுன்னு புரிஞ்சுக்குவான், போலீஸுக்குப் போன் பண்ண மாட்டான். அதே வார்த்தை, அதே டேட்டா, சர்வர் ரூமை விட்டு வெளிய வந்து ஒரு சேல்ஸ் ரிப்போர்ட் மேல உக்காந்ததும் அர்த்தம் கெட்டுப் போச்சு. மென்பொருள்காரன் இல்லாத ஒருத்தருக்கு "மேனிபுலேட்டட் த ஃபிகர்ஸ்"னா கணக்கைச் சமைச்சுட்டோம்னுதான் அர்த்தம். வேற அர்த்தமே இல்ல.

அன்னைல இருந்து எனக்கு இந்த வார்த்தை மேல ஒரு கண்ணு. கிடைக்கிற இடத்துல எல்லாம் தோண்டிப் பாப்பேன்.

வேர் லத்தீன்ல இருக்கு. மானுஸ்னா கை, மானிபுலுஸ்னா ஒரு கைப்பிடி. ரோமானியப் பட்டாளத்துல சின்னப் படைப்பிரிவுக்கும் அதே பேர்தான், ஒரு கழி நுனில வைக்கோல் கட்டிக் கொடியா பிடிச்சதால அந்தப் பேர் வந்துச்சுன்னு ஒரு பழைய கதை. பிரெஞ்சுல அது மருந்துக்காரங்க அளவா மாறிச்சு, நம்ம நாட்டு மருந்துக் கடைல "ஒரு கைப்பிடி ஆவாரம்பூ போட்டுக் காச்சுங்க"ன்னு சொல்வாங்களே அந்தக் கைப்பிடி. அதுல இருந்து மேனிபுலேஷன்னு பெயர்ச்சொல் மொதல்ல வந்துச்சு. மேனிபுலேட்ங்கற வினைச்சொல் ரொம்பப் பின்னாடி, 1820கள்லதான், அந்தப் பெயர்ச்சொல்லோட வாலை வெட்டிச் செஞ்சது. பேபிசிட்டர்னு மொதல்ல இருந்து அப்புறம் பேபிசிட்னு வினையாச்சே, அதே மாதிரி.

1827ல மைக்கேல் ஃபாரடே ஒரு புத்தகம் போட்டாரு. மின்சாரம், காந்தம்னு நாம பத்தாவதுல படிச்ச அதே ஃபாரடேதான். புத்தகத்தோட பேரு "கெமிக்கல் மேனிபுலேஷன்". இன்னைக்கு அந்தப் பேரைக் கேட்டா ஏதோ பால்ல யூரியா கலக்குற கும்பலைப் பத்தின புலனாய்வு ரிப்போர்ட்னு நினைப்போம். ஆனா உள்ள இருக்கறது எப்படி எடை போடறது, கண்ணாடிக் குழாயை எப்படி வளைக்கிறது, வாயுவை எப்படிப் பிடிச்சு வேற பாத்திரத்துக்கு மாத்தறது, எப்படி வடிகட்டுறதுன்னு 600 பக்கத்துக்கு மேல கைவேலை. அவரு சின்ன வயசுல புக் பைண்டிங் கடைல வேலை கத்துக்கிட்டவர், கையோட அருமை தெரிஞ்ச ஆளு. அந்தக் காலத்துல மேனிபுலேட்னா அதுதான், கை பழகின வேலை. மெச்சுற வார்த்தை. அப்புறம் அதே நூற்றாண்டுல கொஞ்சம் கொஞ்சமா கருவியில இருந்து கணக்குக்கு, பங்குச் சந்தைக்கு, மனுஷங்களுக்குன்னு தாவிடுச்சு. பொருள் மேல இருந்த வரைக்கும் திறமை, ஆள் மேல வந்ததும் சூது.

பழைய அர்த்தம் செத்துப் போகல, சில ஊர்ல பத்திரமா இருக்கு. விண்வெளி ஒண்ணு. கனடாக்காரங்க செஞ்ச ரோபோ கை, 1981 நவம்பர்ல கொலம்பியா ஷட்டில்ல முதல் தடவையா போச்சு, சுமார் 15 மீட்டர் நீளம், எல்லாரும் கனடார்ம்னு செல்லமா கூப்பிட்டாலும் அதோட ஆபீஸ் பேரு ஷட்டில் ரிமோட் மேனிபுலேட்டர் சிஸ்டம். நம்ம இஸ்ரோ கூட 2024 டிசம்பர் 30 ஸ்ரீஹரிகோட்டால இருந்து விட்ட பிஎஸ்எல்வி சி60ல, நடந்து நடந்து இடம் மாறுற ஒரு குட்டி ரோபோ கையை அனுப்பிச்சாங்க, அதோட பேர்லயும் மேனிபுலேட்டர் உண்டு. பாவம் அதுங்க யாரையும் ஏமாத்தல.

இன்னொரு ஊர் ஆஸ்பத்திரி. இதுல எங்க வீட்டுக் கதையே இருக்கு.

அம்மாவுக்கு சுகர் இருக்கு. சுகர் இருக்கறவங்களுக்குத் தோள்பட்டை இறுகிப் போறது ஜாஸ்தி, ஃப்ரோஸன் ஷோல்டர்ங்கறாங்களே, அது வந்துடுச்சு. கையைத் தூக்கித் தலை சீவ முடியல, பின்னாடி கொண்டு போய் ஒரு கொக்கி மாட்ட முடியல. மாசக்கணக்கா பிசியோதெரபி, ஒத்தடம், ஊசி எல்லாம் பாத்தாச்சு. கடைசில எலும்பு டாக்டர், ஒரு மயக்க மருந்து குடுத்துட்டுக் கையை அசைச்சு விட்டுடலாம்னாரு. கத்தி வைக்க மாட்டாங்க. மூட்டைச் சுத்தி இருக்கற ஜவ்வு மாதிரியான உறை தடிச்சு இறுகிக்கிடக்கும், ஆளு முழிச்சிருந்தா வலில விடமாட்டாங்க, அதனால மயக்கத்துல வெச்சு டாக்டரே அந்தக் கையை மேல, பக்கத்துல, சுழட்டின்னு தூக்கி அந்த இறுக்கத்தைப் பிரிச்சு விடுவாரு, அன்னைக்கே எக்சர்சைஸ் ஆரம்பிச்சுடணும், இல்லேன்னா திரும்ப இறுகிக்கும். அந்த கன்சென்ட் ஃபார்ம்ல பெருசா "மேனிபுலேஷன் அண்டர் அனஸ்தீஷியா"ன்னு போட்டிருந்தது. அப்பா ரிட்டையர்டு க்ளார்க், எந்தப் பேப்பரையும் ரெண்டு தடவை படிக்காம கையெழுத்துப் போட மாட்டாரு. கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சுட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஏன்டா, மேனிபுலேஷன்னா தில்லுமுல்லுல்ல? மயக்கம் வேற குடுத்துட்டுப் பண்றாங்களாம், தைரியமா எழுதியே குடுத்திருக்கான்"ன்னாரு.

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் அவருக்கு எப்படித் தமிழ்ல சொல்றதுன்னு யோசிச்சா டக்குனு வந்தது, "அப்பா, சுளுக்கு எடுக்கறாங்கல்ல, அதோட பெரிய தம்பி இது". ஒரே வினாடில புரிஞ்சுது. எங்க ஊர்ல சுளுக்கு எடுக்கறவர் ஒருத்தர் இருந்தாரு, விளக்கெண்ணெயைத் தடவி பேச்சுக் குடுத்துக்கிட்டே இருப்பாரு, நாம பதில் சொல்ற நேரம் பாத்து ஒரு வெடுக். ஃபாரடே காலத்து அர்த்தத்துல அவரு சரியான மேனிபுலேட்டர். பேச்சுக் குடுத்து நம்ம கவனத்தைத் திருப்பினாரு பாருங்க, அதைக் கணக்குல எடுத்தா இந்தக் காலத்து அர்த்தத்துலயும்தான்.

இந்தக் கைக் குடும்பத்துல மேனிபுலேட் மட்டும் இல்ல. மேனேஜ்ங்கறது இத்தாலிக்காரன் குதிரையைப் பழக்குறதுக்கு வெச்சிருந்த வார்த்தைல இருந்து வந்தது, அதுவும் மானுஸ்தான். உங்க மேனேஜர் உங்களைக் கடிவாளம் போட்ட மாதிரி இழுக்கறாருன்னா வார்த்தைக்கு நேர்மையா இருக்காருன்னு மன்னிச்சுடுங்க. நம்ம ஊர்லயும் "அவனுக்கு ஒரு மூக்கணாங்கயிறு போட்டுடணும்"னு கல்யாணத்துக்குப் பேசறோமே. மனூவர்னு ஒண்ணு, வண்டியை நெருக்கடில வளைச்சு எடுக்கறது, பட்டாளத்தை நகத்தறது, அதுவும் கைவேலைங்கற அர்த்தத்துல பிறந்ததுதான். அதோட கூடப்பிறந்தது எது தெரியுமா, மெனியூர், எரு. நிலத்தைக் கையால பாடுபட்டுப் பண்படுத்தறதுன்னு இருந்தது கடைசில சாணில வந்து நின்னுடுச்சு. ஒரு வீட்டுல ஒருத்தன் ராணுவத்துக்குப் போனான், இன்னொருத்தன் குப்பைமேட்டுக்குப் போனான்.

பயன்பாடு விஷயத்துல எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். மேனிபுலேட்டுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு பாருங்க. லீவர், எலும்பு, பிக்சல், ஸ்ட்ரிங், அல்ஜீப்ரா சமன்பாடுன்னு வந்தா திறமை. அக்கவுண்ட், ஓட்டு, ஷேர் விலை, மனுஷன்னு வந்தா திருட்டு. ஒருத்தரை ஏதோ செய்ய வெச்சா "மேனிபுலேட் ஹர் இன்டு சைனிங்" மாதிரி இன்டு போட்டு எழுதணும், டூ போட்டா தப்பு. ஹேண்டில் பாதுகாப்பான வார்த்தை, "ஐ கேன் ஹேண்டில் த க்ளையண்ட்"னு தாராளமா சொல்லலாம், அதே இடத்துல "மேனிபுலேட் த க்ளையண்ட்"னு இன்டர்வியூல சொன்னீங்கன்னா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவாங்க. மேனிபுலேட்டிவ்னு ஆளைச் சொன்னா எப்பவுமே திட்டு. ஆனா கடைசில ஒரு எஸ் சேத்து மேனிபுலேட்டிவ்ஸ்னு டீச்சர் சொன்னா குழந்தைங்க கணக்கு கத்துக்க கைல எடுத்து விளையாடுற மணி, கட்டை, குச்சி. மாண்டிசோரி ஸ்கூல்ல பாத்திருப்பீங்க. அந்த மரியா மாண்டிசோரி அம்மா 1939ல அடையாறுக்கு வந்து இறங்கினவங்க, போர் வந்து மாட்டிக்கிட்டு 1946 வரைக்கும் இந்தியாலதான் இருந்தாங்க, நடுவுல கொடைக்கானல்லயும். மூணு வயசுக் குழந்தைக்குக் கைதான் முதல் வாத்தியார்ங்கறது அவங்க கட்சி.

ஷேர் மார்க்கெட்ல இந்த வார்த்தை சட்டத்துக்குள்ளயே இருக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கற செபியோட 2003 விதிமுறைல மேனிபுலேட்டிவ் டிரேட் பிராக்டிஸ்னு ஒரு தடை உண்டு. ஆனா புரோக்கர் ஆபீஸ்ல யாரும் அப்படிச் சொல்றதில்ல. "அது ஆபரேட்டர் ஸ்டாக்பா, கிட்டப் போகாத"ம்பாங்க, யாரோ பின்னாடி இருந்து விலையை ஏத்தி இறக்கற ஷேர்னு அர்த்தம். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் டெலிகிராம் டிப்ஸ நம்பி அப்படி ஒண்ணுல கிட்டப் போனான், பதினோரு நாள் அப்பர் சர்க்யூட், அதாவது ஒரு நாள்ல ஏற விடற உச்ச வரம்பு வரைக்கும் விலை ஏறிச்சு, பன்னண்டாவது நாள்ல இருந்து விக்க ஆளு வரிசையா நிக்கறாங்க வாங்க ஆளில்ல. இதுக்கு மேல அவன் பேசறதில்ல, நானும் கேக்கறதில்ல.

சரி, கணக்குல கை வெச்ச மாதிரின்னு எங்க லீட் மேடம் சொன்னதுக்கு வரேன்.

நம்ம தமிழ்லயும் இந்தக் கூத்தெல்லாம் கைலதான் நடந்திருக்கு. கையாள்றதுன்னா ஹேண்டில் பண்றது, நல்ல வார்த்தை. கையாளல்ல ஒரே ஒரு எழுத்தை மாத்திக் கையாடல்னு சொல்லுங்க, கூட்டுறவுச் சங்கச் செயலாளர் கைதுன்னு நாலாம் பக்கச் செய்தி ஆயிடும். கையாள்னு பெயர்ச்சொல்லாச் சொன்னா அடியாளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். கைவரிசைன்னா சிலம்பக்காரன் காட்டுற வித்தை, பேப்பர்காரங்க அதைப் பூட்டை உடைச்சவனுக்குக் குடுத்துட்டாங்க, "பட்டப்பகலில் திருடர்கள் கைவரிசை". கைதேர்ந்த சிற்பியும் உண்டு கைதேர்ந்த திருடனும் உண்டு. கைப்பக்குவம், கைராசி மட்டும் இன்னும் கெடாம இருக்கு, அது ஏன்னா அடுப்படிலயும் கல்லாப்பெட்டிலயும் இருக்கறதாலயோ என்னவோ. (கைங்கர்யத்தைச் சேக்காதீங்க, "இது யாரோட கைங்கர்யம்"னு நாம குத்தலா கேக்கறோமே, அதுல இருக்கற கை நம்ம கை இல்ல, கிங்கரன்னு வேலைக்காரனைச் சொல்ற வடமொழி வார்த்தைல இருந்து வந்தது.) ஆக லத்தீன்காரனும் நாமளும் பேசி வெச்சுக்காம ஒரே முடிவுக்கு வந்திருக்கோம், கை கெட்டிக்காரத்தனம் உள்ளது, அதனாலயே அது மேல ஒரு கண்ணு இருக்கணும்னு.

ஆனா ஓடிடி சப்டைட்டில்ல "நீ என்னைக் கையாள்கிறாய்"னு போடறான் பாருங்க, அப்பத்தான் எனக்குக் கோவம் வரும். அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே புருஷன் கிட்டச் சொல்ற டயலாக் அது. அவ என்ன அண்டா குண்டானா, கவனமாகக் கையாளவும்னு ஸ்டிக்கர் ஒட்ட? மேனிபுலேட்டுக்கு நேரா ஒரு தமிழ் வார்த்தை தேடறதே தப்புன்னு நினைக்கிறேன். இங்கிலீஷ் வார்த்தை ஒரு கை உள்ள புகுந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லுது, அந்தக் கை என்ன பண்ணுச்சுன்னு சொல்றதில்ல. நம்ம பேச்சுத் தமிழ் அதை மட்டும்தான் சொல்லும். புகழ்ந்து காரியம் சாதிச்சா ஐஸ் வைக்கிறது, மேலதிகாரி கிட்டன்னா காக்கா பிடிக்கிறது, கோவத்துல இருக்கறவரை இறக்கினா தாஜா பண்றது, தெரிஞ்ச மாதிரி பேசித் தெரியாததைக் கறந்தா போட்டு வாங்குறது, ஒருத்தனோட கோவத்துக்கு எண்ணெய் ஊத்தினா ஏத்தி விடறது, ரெண்டு பேரைச் சண்டைக்கு விட்டா சிண்டு முடியறது, மாட்டி விட்டா கோத்து விடறது. புருஷன் பொண்டாட்டி பேச்சைக் கேட்டா முந்தானைல முடிஞ்சுக்கிட்டா. பையன் அம்மா பேச்சைக் கேட்டா அம்மாக்கோண்டுன்னு பையனைத்தான் சொல்றோம், அம்மாவை யாரும் எதுவும் சொல்றதில்ல பாத்தீங்களா, அது யாரோட கைவரிசைன்னு யோசிங்க. ஒருத்தர் முழுசா இன்னொருத்தர் பிடில இருந்தா ஆட்டி வைக்கிறாங்க, பொம்மலாட்டத்துல பொம்மையை ஆட்டற மாதிரி. அந்த சப்டைட்டில் பொண்ணு "என்னை ஆட்டி வைக்கிற"ன்னு சொல்லியிருந்தா நானும் கூட அழுதிருப்பேன்.

தத்துவக்காரர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் பிபிசி ரேடியோல ஒரு தமாஷ் சொன்னாரு, நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் மரமண்டை மூர்க்கன், மூணும் ஒரே குணம்தான் ஆள் மாறும்போது பேர் மாறுதுன்னு. இந்த வார்த்தைக்கும் அப்படியே பொருந்தும். நான் சமாளிக்கிறேன், நீ ஐஸ் வைக்கிற, அவன் மேனிபுலேட் பண்றான். இப்ப இன்ஸ்டால யாரைப் பாத்தாலும் டாக்ஸிக், மேனிபுலேட்டர்னு ரீல்ஸ் போடறாங்க, என் அக்கா பொண்ணு பதினாலு வயசு, "ஹோம்வொர்க் முடிச்சாத்தான் ஃபோன்"னு சொன்னதுக்கு எங்க அக்காவை மேனிபுலேட்டிவ்னு சொல்லிடுச்சு. இல்லம்மா, அது நேரடி மிரட்டல், மேனிபுலேஷன்னா உனக்குத் தெரியாமச் செய்யணும்னு சொன்னேன். அக்கா என்னை முறைச்சாங்க. சின்ன வயசுல நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினது, காக்காவுக்குக் குடுத்துடுவேன்னது எல்லாம் வேணா அந்தக் கணக்குல வரும், ஆனா அதைப் பின்னாடி தெரிஞ்சுக்கிட்டு யாரும் கோவிச்சுக்கலையே. நான் வெச்சிருக்கற அளவுகோல் அதுதான், விஷயம் வெளிய தெரிஞ்சதும் ஏமாந்தவன் சிரிக்கறானா, இல்ல என் ஃப்ரெண்ட் மாதிரி பேசாமப் போயிடறானா.

அம்மாவுக்கு இப்ப தோள்பட்டை எவ்வளவோ தேவலை. மேல் ஷெல்ஃப்ல இருக்கற ஊறுகாய் ஜாடியை அவங்களே எடுக்கறாங்க. போன வாரம் ஃபோன் பண்ணி, பொங்கலுக்கு வர்றியான்னு கேக்கவே இல்ல, "உனக்கு வேலை இருக்கும் தம்பி, அலைய வேணாம், நாங்க ரெண்டு பேருதானே, ஒரு கைப்பிடி அரிசி போட்டுப் பொங்கிக்கறோம், கை கூட முந்தி மாதிரி இல்ல, அப்பா கிண்டுவாரு"ன்னாங்க. பின்னாடி அப்பா, "கை நல்லாத்தானே இருக்கு, நேத்து கூட மாவாட்டினியே"ன்னு கேக்கறது எனக்குத் தெளிவா விழுந்துச்சு. உழவன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டுட்டேன், ஆர்ஏசி பதினாலு.